மாதா வேஷமும் மிளகாய் பஜ்ஜியும்

எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் முதல் மருந்து உப்புதான். தொண்டை கட்டினால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். கால் வலித்தால் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைக்க வேண்டும். பல்வலி வந்தால் ஒரு கல் உப்பைப் பல்லுக்கடியில் அழுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும். அப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. உலகத்தில் தீராத துன்பம் ஏதாவது இருந்தால் அதற்குப் போதுமான உப்பு போடவில்லை என்றுதான் அவர் நினைப்பார். ஆகவே அக்காவின் முகத்தில் பருக்கள் புறப்பட்டபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை.

"மீனு கெடாம இருக்கறதுக்கு இன்னா போடறோம்? உப்பு. மூஞ்சிக்கும் அதான்" என்றார்.

உப்பு உறையப் போகிற பாத்தியில் தண்ணீர் கனமாக, எண்ணெய் மாதிரி பிசுபிசுவென்று இருக்கும். கையில் சின்னக் கீறல் இருந்தால்கூட அதில் பட்டு உயிர் போகும். அந்தத் தண்ணீரை ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து வந்து, பஞ்சில் நனைத்து முகத்தில் ஒற்றச் சொன்னார். அக்காவும் ஒற்றினாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அப்பா நான்கடி தள்ளி நின்றுகொண்டு, "எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். அம்மா பாட்டிலைப் பிடுங்கிப் பின்பக்கம் கொட்டினாள். கொட்டிய இடத்திலிருந்த கனகாம்பரச் செடி அந்த வாரமே காய்ந்து சருகாகிப் போயிற்று.

"செடியே தாங்கல. அத என் மூஞ்சில பூச சொன்னீங்களே" என்று அக்கா அப்பாவிடம் கேட்டாள். அப்பாவுக்கு உப்பின்மேல் இருந்த நம்பிக்கை அப்போதும் குறையவில்லை. கனகாம்பரத்துக்கு வேரில் ஏதோ பூச்சி என்றார்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அக்கா அதற்கு முந்தைய வருஷம் பிளஸ் டூ முடித்திருந்தாள். புதுச்சேரிக்குப் போய் நர்சிங் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, துணி காயப்போடும் கயிற்றில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு நூலை என் கையில் ஒட்டி எனக்குக் குளுக்கோஸ் ஏற்றுவாள். நானும் செத்துப்போகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். ஆனால் அம்மா, "ஒரு வருஷம் போவட்டும், பாக்கலாம்" என்று சொல்லி அவளை எங்கள் டீக்கடையில் உட்காரவைத்துவிட்டாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீற்றுக் கொட்டகை போட்டு அம்மா அந்தக் கடையை நடத்தினாள். சாயங்காலம் ஆனால் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிற கார்கள் நிற்கும். அம்மா டீ ஆற்ற, அக்கா பஜ்ஜிச் சட்டி முன்னால் நிற்பாள். எண்ணெய் ஆவி முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். கடையை மூடிப் பாத்திரம் கழுவி வந்து படுக்கும்போது தெருவே அடங்கியிருக்கும். படுத்த பிறகும் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம் தெரியும். காலையில் வெயில் ஏறிய பிறகு எழுந்து, சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும், முந்தின நாள் விற்காமல் மிஞ்சிய பஜ்ஜியும் சாப்பிடுவாள். பிறகு இன்னொரு டீ. கடைக்காரி மகளுக்கு டீக்குக் கணக்கு ஏது?

பள்ளிக்கூடம் போனவரை அவள் முகத்தில் ஒன்றிரண்டு பருவுக்கு மேல் வந்ததில்லை. கடைக்கு வந்த பிறகுதான் கன்னம், தாடை, நெற்றி என்று இடம் விடாமல் வந்தன. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவள் சாப்பாடும் தூக்கமும் மாறிப் போனதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்த இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

அம்மாவைக் கேட்டால் கண் பட்டுவிட்டது என்பாள். காரில் வருகிறவர்கள் எல்லாரும் டீயைப் பார்க்காமல் பெண்ணைப் பார்க்கிறார்கள் என்பது அவள் கட்சி. திண்டிவனத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, "அக்கா, இதெல்லாம் ஹார்மோனு" என்று சொல்லி ஒரு டியூப் கொண்டுவந்தார். அதைப் பூசிய முதல் வாரம் அக்காவின் முகம் பளிச்சென்று வெளுத்தது. மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களில் முன்னைவிடச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. மாமா கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பின்வாசல் ஓரத்தில் அப்பா சவரம் செய்துகொள்ளும் வட்டக் கண்ணாடி ஒன்று ஆணியில் தொங்கும். அக்கா அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்பும்போது அப்பா அதை நேராகத் திருப்புவார். திங்கட்கிழமை அது மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பூசைக்கும் அக்கா துப்பட்டாவை மூக்குவரை இழுத்துக்கொண்டுதான் வருவாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நர்சிங் பேச்சை அவள் எடுத்தபோதெல்லாம் அம்மாவிடம் ஒரே பதில்தான்.

"மொதல்ல மூஞ்சி சரியாவட்டும். அப்புறம் காலேஜ பத்திப் பேசலாம்."

"மூஞ்சிக்கும் காலேஜுக்கும் இன்னாம்மா?"

"ஊசி போட வர்றவ மூஞ்சில இப்படி இருந்தா யாரு கைய நீட்டுவான்?"

இதில் என்ன நியாயம் என்று அக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் நிபந்தனை புரிந்தது. முகம் சரியானால் காலேஜ். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

உப்பும் டியூப்பும் கைவிட்ட பிறகு அம்மா விஷயத்தை மாதாவிடம் கொண்டுபோனாள். எங்கள் கோயில் பங்கில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையைத் தெருவில் வேஷம் கட்டி நடத்துவார்கள். யேசு சிலுவை சுமந்து வருவார், சேவகர்கள் அடிப்பார்கள், வழியில் மாதா வந்து மகனைப் பார்த்து அழுவாள். மாதா வேஷம் போட்டுக்கொண்டிருந்த பெண் அந்த வருஷம் கல்யாணமாகிப் போய்விட்டாள். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கன்னியர் மடத்து சிஸ்டரிடம் போய், "எம் பொண்ணுதான் இந்த வாட்டி மாதாவா நிக்கணும், நேர்ந்துக்கினு இருக்கேன்" என்றாள். சிஸ்டர் அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தையும் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வை எங்கள் மூவருக்குமே பட்டது. ஆனால் அக்காவுக்கு நினைத்த மாத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வரும். அங்கேயே நின்று அழுதும் காட்டினாள். சிஸ்டர் சம்மதித்துவிட்டார்.

வேஷம் கட்டுகிறவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க ஒருசந்தி உண்டு. பகலில் ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு, ராத்திரிக்குக் கொஞ்சம் கஞ்சி. கவுச்சி கூடாது. எண்ணெயில் பொரித்தது கூடாது. மிட்டாய், பலகாரம், டீ, காபி எதுவும் கூடாது. இது யேசுவின் பாடுகளை நினைத்து இருக்கிற விரதம். அக்காவின் தாடையில் இருக்கிற பருக்களை நினைத்து இதை யாரும் ஏற்படுத்தவில்லை.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டியில் சேமியா ஐஸ் விற்பார்கள். குச்சியில் செருகிய வெள்ளை ஐஸ், நுனியில் சேமியா உறைந்திருக்கும். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, அக்கா முகம் சரியாகிற வரைக்கும் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன கையோடு வருத்தமாகவும் இருந்தது. தவக்காலம் முடிகிற வரைக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

ஒருசந்தி இருக்கிறவள் பஜ்ஜிச் சட்டி முன்னால் எப்படி நிற்பது? அக்கா அப்பாவோடு உப்பளத்துக்கு வருகிறேன் என்றாள். அம்மா குதித்தாள்.

"இருக்கற மூஞ்சியும் கருத்துப் போவும்டீ!"

"அங்க எவம்மா மூஞ்சிய காட்டிக்கினு நிக்கறது?" என்றார் அப்பா. "கண்ண தவிர எல்லாத்தையும் மூடிக்கினுதான் நிக்கறாங்க."

அவர் சொன்னது உண்மைதான். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வராது, தரையிலிருந்தும் வரும். அந்த வெள்ளைக்குப் பயந்து பெண்கள் தலையிலிருந்து தாடைவரை துணியைச் சுற்றிக்கொண்டு, மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டையையும் மாட்டியிருப்பார்கள். யார் சிவப்பு, யார் கருப்பு, யாருக்கு வயசு என்ன என்று சொல்லவே முடியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விடிவதற்கு முன்னால் அப்பாவும் அக்காவும் கிளம்பிவிடுவார்கள். பெரிய தண்ணீர்க் கேனும், நீராகாரமும் சின்ன வெங்காயமும் கூடையில் போகும். வெயில் உறைக்கத் தொடங்கியதும் திரும்பிவிடுவார்கள். அப்பா பலகையால் உப்பை வாரி வரப்போரம் இழுத்துவிட, அக்கா அதைக் கூடையில் அள்ளிக் குவியலில் கொட்டுவாள். சனிக்கிழமைகளில் நானும் போவேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பெண்கள் கூட்டத்திலிருந்து யாரோ வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. யார் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தால் என் அக்கா. அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, சோறும் பருப்பும் கீரையும் ஒரு கட்டு கட்டுவாள். பொழுது சாய்ந்து, கஞ்சியைக் குடித்துவிட்டு நான் வீட்டுப்பாடம் முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள். செல்போன் அலமாரியில் தனியாகக் கிடக்கும். நாள் முழுக்க தண்ணீராகக் குடித்துக்கொண்டிருப்பாள். டீ இல்லாமல் முதல் சில நாள் தலைவலி என்று உட்கார்ந்தவள் பிறகு டீயை மறந்தே போனாள்.

எந்த நாளில் மாறத் தொடங்கியது என்று தெரியவில்லை. புதிதாக வருவது முதலில் நின்றது. இருந்தவை காய்ந்து உதிர்ந்தன. தழும்பு மட்டும் கொஞ்ச நாள் தங்கி, பிறகு அதுவும் மங்கிற்று. பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது வட்டக் கண்ணாடி திங்கட்கிழமையும் நேராகவே தொங்கியது.

உடனே வீட்டில் எல்லாரும் பங்கு கேட்க வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு அது மாதா செய்த புதுமை, அற்புதம். அப்பாவுக்கு அது உப்பளத்துக் காற்று. "பூசினா எரியுதுன்னாங்க. இப்ப காத்துலயே சரியாச்சு பாரு" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நீண்ட நாள் தலைமறைவாக இருந்த மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "அந்த டியூப்பு லேட்டாத்தான் வேலை செய்யும், நான் அப்பவே சொல்லல?" என்றார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சேமியா ஐஸை விட்டது யார் என்று மாதாவுக்குத் தெரியும். அக்காவை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பெரிய வெள்ளியன்று தெரு நிறைய ஜனம். உப்பு லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் யேசுவாகச் சிலுவையைத் தூக்கிவந்தார். நீலப் புடவை முக்காட்டோடு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். முக்காடு சரிந்து தோளில் விழுந்தது. உச்சி வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் அது யேசுவுக்காக இல்லை. எங்கள் அக்கா அவ்வளவு அழகாக இருந்தாள்.

அப்போது பக்கத்தில் நின்ற பட்டுப்புடவைக்கார அம்மாள் எங்கள் அம்மாவிடம், "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"எம் பொண்ணுதாங்க" என்றாள் அம்மா. அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும்போது அம்மாவுக்கு இருந்த பெருமையை நான் பிறகு எப்போதும் பார்த்ததில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் அக்கா காலேஜ் பேச்சை எடுத்தாள். அம்மா, "பேசலாம், பேசலாம்" என்றாள். பேசினாள். ஆனால் வேறு பேச்சு. அந்தப் பட்டுப்புடவைக்கார அம்மாளுக்குக் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் சொந்த வீடாம், மகனுக்குச் சென்னையில் கம்பெனி வேலையாம். மே மாதக் கடைசியில் மகனுக்கு லீவு கிடைக்கும்போது பெண்ணைப் பார்க்க வருகிறார்களாம். சிஸ்டர் வழியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"படிக்கணும்னு சொல்லுதே பொண்ணு" என்று அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"கட்டிக்கினு போயி படிக்கட்டும், யாரு வேணான்னது?" என்றாள் அம்மா. "மாதாவே பாத்து அனுப்பிச்ச எடம்."

அக்கா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "மூஞ்சி சரியானா காலேஜுன்னு சொன்னியேம்மா" என்றாள்.

"மூஞ்சி சரியானதாலதான்டீ வந்து கேக்கறாங்க!"

அம்மா சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவளுக்கு அதில் எந்தத் தந்திரமும் இல்லை. தன் காலத்தில் தன்னை யாரும் அப்படித் தேடிவந்து கேட்கவில்லை என்ற ஏக்கம் அம்மாவுக்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது. அக்கா நினைத்த மாத்திரத்தில் அழக்கூடியவள், அன்றைக்கு அழவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் வட்டக் கண்ணாடி முன்னால் நின்றாள். பிறகு, "நாளைலேர்ந்து நான் கடைக்கு வர்றேம்மா. நீ ஒண்டியா கஷ்டப்படாத" என்றாள். அம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

அந்த மே மாதத்தில்தான் எனக்கு அக்காமேல் கோபம் வந்தது.

கடைக்கு வந்த முதல் நாளே சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் குடித்தாள். உடனே இன்னொன்று. பஜ்ஜி சுட்டுக்கொண்டே பஜ்ஜி சாப்பிட்டாள். அதுவும் மிளகாய் பஜ்ஜி. அவளுக்குக் காரம் ஆகாது, வாழைக்காய் பஜ்ஜிதான் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வாய் கடிப்பாள், கண் கலங்கும், தண்ணீர் குடித்து முழுங்குவாள், மறுபடி கடிப்பாள். கசப்பு மருந்தைக் குடிக்கிற மாதிரிதான் இருந்தது. கார்களில் வருகிறவர்கள் விட்டுப்போகிற கலர் பாட்டில், கடையில் தொங்குகிற சாக்லேட், எதையும் விடவில்லை. ராத்திரி போர்வைக்குள் மறுபடி செல்போன் வெளிச்சம். எண்ணெய் ஆவி படிந்த முகத்தைக் கழுவாமலே படுத்தாள்.

மே மாதம் மாதாவின் மாதம். சாயங்காலம் தோறும் நாங்கள் ஜெபமாலை சொன்னோம். மாதாவாக நின்றவள் ஒரு கையால் ஜெபமாலை உருட்டிவிட்டு நேராகப் போய்ப் பஜ்ஜி எடுக்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி ரோட்டில் எறிந்துவிட்டேன்.

"நான் உனுக்காக ஐஸ் துன்னாம இருந்தேன் தெரியுமா? நீ நாக்க அடக்க மாட்டற!" என்று கத்தினேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஐஸா? எப்பலேர்ந்து?"

"சாம்பல் புதன்லேர்ந்து."

அவள் என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவள் மேலெல்லாம் கடலைமாவு வாசனை. அணைத்துக்கொண்டே இன்னொரு கையால் சட்டியிலிருந்து வேறு ஒரு பஜ்ஜியை எடுத்தாள். அவளைத் திருத்த முடியாது என்று நான் அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன்.

முதல் பரு தாடையில் வந்தது. பிறகு கன்னத்தில். அம்மா கடை வேலையில் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபோது பதறிப்போய் பாசிப்பயறு மாவு, சந்தனம், மஞ்சள் என்று அரைத்துப் பூசினாள். மாமா புது டியூப் ஒன்று கொடுத்தனுப்பினார். தினமும் பூசுகிறேன் என்று அக்கா சொன்னாள். அவள் தலையணைக்கு அடியில் அந்த டியூப் சீல்கூட உடைக்காமல் கிடந்ததை நான் பார்த்தேன். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காய்ந்துபோன கனகாம்பரத்தை அம்மா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

சொன்னபடி அவர்கள் வந்தார்கள். அக்கா பவுடர் போட மாட்டேன் என்றாள். "எப்படி இருக்கனோ அப்படியே பாக்கட்டும்மா, அப்புறம் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாதில்ல" என்றாள். அது நியாயமாகப் பட்டதால் அம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. அக்கா டீயோடு வந்து நின்றபோது அந்தப் பட்டுப்புடவைக்கார அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அக்காவுக்குப் பின்னால் வேறு பெண் யாராவது வருகிறாளா என்று பார்த்தார். மகன் நல்லவர் மாதிரிதான் இருந்தார். பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். போகும்போது, "வீட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்ங்க" என்றார்கள்.

சொல்லி அனுப்பவில்லை.

அம்மா சில நாள் சிஸ்டரிடமிருந்து சேதி வருமா என்று பார்த்தாள். பிறகு ஒரு காலையில் பெருமூச்சு விட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "இந்த மூஞ்சிய வெச்சிக்கினு இனிமே எவன் வரப் போறான்? நர்சுக்கே படிக்கட்டும். கைல ஒரு வேலையாவது இருக்கட்டும்." அப்பா அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் மாதிரி அன்றைக்கே புதுச்சேரிக்குப் போகப் புறப்பட்டார். பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் அக்கா டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாள். தீபாவளி லீவுக்கு வந்தபோது முகம் உப்பளத்தில் இருந்த மாதிரியே தெளிந்திருந்தது. ஹாஸ்டலில் டீ வெறும் தண்ணி, சாப்பாட்டில் எண்ணெயே இருக்காது, சீக்கிரமே லைட்டை அணைத்துவிடுவார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாள். புதுச்சேரித் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள்.

எனக்குக் காலேஜில் பரு வந்தபோது ஆஸ்பத்திரியில் வேலையிலிருந்த அக்காவுக்குத்தான் போன் செய்தேன். என்ன க்ரீம் போட என்று கேட்டேன்.

"கண்டதையும் பூசாத. மொதல்ல இன்னா துன்ற, எப்ப தூங்கறன்னு சொல்லு" என்றாள். பரீட்சைக்கு முன்னால் விடிய விடிய முழித்ததையும், கேன்டீன் டீயையும், க்ரீம் பிஸ்கட்டையும் சொன்னேன். "அத கொஞ்சம் நிறுத்திப் பாரு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சில பேருக்கு எத துன்னாலும் ஒண்ணும் ஆவாது, சில பேருக்கு ஒண்ணும் துன்னலன்னாலும் வரும். கிள்ளாத. கொறையலன்னா ஸ்கின் டாக்டர்கிட்ட போயிடு. எனுக்கு எத செஞ்சா வரும், எத செஞ்சா போவும்னு எனுக்குத் தெரியும். உனுக்கு நீதான் பாத்துக்கணும்."

"உனுக்கு எப்பக்கா தெரிஞ்சது?"

 அந்தப் பக்கம், உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து நான் கேட்ட அதே சிரிப்பு. "போன வை, டூட்டிக்கு நேரமாச்சு" என்றாள்.

போனை வைத்துவிட்டு நான் வெகுநேரம் விடுதி மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். காரத்தில் கண் கலங்க, தண்ணீர் குடித்துக் குடித்து அவள் முழுங்கிய மிளகாய் பஜ்ஜிகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைய சாயங்காலமும் நினைவுக்கு வந்தது.

அவர்கள் கார் போன பிறகு அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பின்வாசலில் வட்டக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தாடையிலும் கன்னத்திலும் இருந்த பருக்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மனசு உடைந்துபோய் நிற்கிறாள் என்று நினைத்தேன். கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்தில் போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதக்கா. அடுத்த தவக்காலத்துல எல்லாம் போயிடும். நான் மறுபடியும் ஐஸ் துன்னாம இருக்கேன்" என்றேன்.

அக்கா திரும்பினாள். அழவில்லை. என் கையைப் பிடித்து ரோட்டுக்கு அழைத்துப்போய், ஐஸ் தள்ளுவண்டியை நிறுத்தி ஒரு சேமியா ஐஸ் வாங்கிக் கையில் கொடுத்தாள்.

"நீ துன்னு பாப்பா. அது மெதுவா போவட்டும். இப்ப இன்னா அவசரம்?" என்றாள்.

பாவம், என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டே, கரைவதற்குள் வேகவேகமாகச் சாப்பிட்டேன்.